கெனிஸா: புதையலும் புதைகுழியும்

எபிரேய மொழியில் முழுமையாகக் கிடைத்திருக்கும் வேத ஏடுகளில் மிகப் பழையது கி.பி. 1008இல் எழுதப்பட்டது. கெய்ரோவில் அதை எழுதியவர் சாமுவேல் பென் யாக்கோபு. இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அந்த ஊரின் பழைய பெயரைச் சேர்த்து லெனின்கிராட் சுவடி என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

1008 என்ற ஆண்டைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வரவேண்டும். அதே வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்புக்கு 4ஆம் நூற்றாண்டுப் பிரதிகளே உண்டு. மொழிபெயர்ப்புக்குக் கிடைக்கும் ஏடு மூலத்துக்குக் கிடைக்கும் முழு ஏட்டைவிட அறுநூறு ஆண்டுக்கு மேல் மூத்ததாக இருப்பது எப்படி? ஏடு எழுதுவதையே வழிபாடாகக் கொண்ட மக்களிடம் பழைய முழு ஏடு ஏன் மிஞ்சவில்லை? பகைவர் எரித்தார்கள் என்பது பாதி பதில். 1242இல் பாரிஸ் நகரத் தெருவில் யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதின் ஏடுகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொளுத்தியது போன்ற கொடுமைகள் எத்தனையோ நடந்தன. மீதிப் பாதி பதில் யூதர்களின் சொந்த வழக்கத்தில் இருக்கிறது. அந்த வழக்கத்தின் பெயர் கெனிஸா.

நம்மிடையே ஒருவரை ‘எழுத்தெண்ணிப் படித்தவர்’ என்றால் அது புகழ்ச்சி. யூதரிடம் அது உண்மையிலேயே ஒரு வேலை. வேதம் எழுதும் எழுத்தருக்கு எபிரேயத்தில் ‘சோஃபேர்’ என்று பெயர். அந்தச் சொல்லின் வேருக்கு எண்ணுதல் என்ற பொருளும் உண்டு. முன்னோர் மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் எழுத்துகளை எல்லாம் எண்ணினார்கள், அதனால்தான் அவர்களுக்கு இந்தப் பெயர் என்று தல்மூதே காரணம் சொல்கிறது. இன்றைய தோராச் சுருளில் 3,04,805 எழுத்துகள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அந்தச் சுருளை வழிபாட்டில் வாசிக்கக்கூடாது. பிழையுள்ள ஏட்டைத் திருத்தாமல் 30 நாளுக்கு மேல் வீட்டில் வைத்திருக்கலாகாது என்றும் தல்மூது கட்டளையிடுகிறது.

சரி, பிழை அதிகமாக இருந்தால்? ஒரு பத்தியில் இரண்டு பிழை என்றால் திருத்து, மூன்று என்றால் ‘யிகானேஸ்’ என்கிறார் ராவ் என்னும் அறிஞர். மூன்று வரை திருத்தலாம், நான்கானால்தான் ‘யிகானேஸ்’ என்று இன்னொரு மரபு. ‘கெனிஸாவுக்குப் போகட்டும்’ என்பது அதன் பொருள். மை காய்ந்து சில நாளே ஆன புதுச் சுருளாக இருந்தாலும் இதே கதிதான்.

யூத மரபு கைமாறி வந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ‘மசோரா’ என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ‘மாசர்’ என்றால் கையில் ஒப்படைத்தான். மோசே சீனாய் மலையில் பெற்றதை யோசுவாவிடம் ஒப்படைத்தான், யோசுவா மூப்பரிடம் ஒப்படைத்தான் என்று நீளும் சங்கிலிக்கு அந்த வினைதான் கொக்கி. தல்மூதின் அடித்தளமான மிஷ்னா என்ற நூலின் பெயரும் அப்படியே. திரும்பச் சொல்லுதல் என்பது அதன் வேர்ப்பொருள். கி.பி. 200 வாக்கில் யூதா ஹ-நாசி தொகுக்கும்வரை வாய்ப்பாடமாகவே ஓடிவந்தது அது. இவையெல்லாம் எதைக் கொடுத்தார்கள் என்று சொல்லும் சொற்கள். எதை நிறுத்தி வைத்தார்கள் என்று சொல்வது கெனிஸா. ஒப்படைக்கும் பிரதி திருத்தமாக இருக்கவேண்டுமானால் மற்றவை கண்ணில் படக்கூடாது. இந்த இரண்டாவது வேலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சொல்லின் பிறப்பு எபிரேயத்தில் இல்லை, பாரசீகத்தில். ‘கன்ஸ’ என்றால் பழைய ஈரானிய மொழியில் அரசன் செல்வம் வைக்கும் அறை. பிற்காலப் பாரசீகத்தில் அது ‘கஞ்ச்’ ஆயிற்று. தில்லியின் தர்யாகஞ்ச், வங்காளத்தின் ராணிகஞ்ச் எல்லாம் அதன் வழிவந்த பெயர்கள்தாம். களஞ்சியம், பிறகு சந்தை, பிறகு சந்தை கூடும் ஊர் என்று பொருள் நகர்ந்தது. பாரசீகப் பேரரசின் கீழ் யூதர் வாழ்ந்த நாட்களில்தான் இந்தச் சொல் அவர்கள் வேதத்துக்குள் நுழைந்தது. எஸ்தர் புத்தகத்தில் பாரசீக அரசனின் அமைச்சன் ஆமான் யூதரை அழிக்க அனுமதி கேட்டு 10,000 தாலந்து வெள்ளி தருவதாகச் சொல்கிறான். அந்த வெள்ளி போய்ச் சேரவேண்டிய இடம் ‘கின்சே ஹ-மெலெக்’, அரசனின் கருவூலம். எஸ்றாவின் புத்தகத்தில் இன்னும் சுவையான இடம் ஒன்று. எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்ட கோரேசு மன்னர் உத்தரவு கொடுத்தார் என்று யூதர்கள் சொல்கிறார்கள். நம்பாத அதிகாரிகள் தரியு மன்னருக்கு எழுதுகிறார்கள். பாபிலோனில் கருவூலங்கள் இருந்த ஏட்டு மனையில் தேடச் சொல்லி ஆணை போகிறது. கடைசியில் மேதிய நாட்டு அக்மேதா கோட்டையில் அந்தச் சுருள் அகப்படுகிறது. பொன்னும் பத்திரமும் ஒரே கட்டடத்தில் இருந்த காலம் அது. நம் தாலுகா அலுவலகக் கருவூலங்களில் முத்திரைத்தாளும் தேர்வு வினாத்தாளும் பணத்தோடு பூட்டப்பட்டிருந்ததை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

தமிழ் விவிலியத்தில் இந்த இடங்களில் ‘கஜானா’ என்ற சொல்லைப் பார்க்கலாம். ஓசை ஒத்திருப்பதால் கஜானாவும் கெனிஸாவும் ஒன்றென்று நினைக்கத் தோன்றும். கஜானா அரபியின் க்-ஸ்-ன் என்ற வேரிலிருந்து வந்தது. சேமித்தல் என்று பொருள். பத்திரிகையைக் குறிக்கும் ‘மேகசின்’ அதற்குத்தான் உறவு. கெனிஸாவுக்கு அன்று. காசா நகரின் பெயரையும் இதில் கோக்கக்கூடாது. எபிரேயத்தில் அது வேறு எழுத்தில் தொடங்கும் வேறு சொல்.

உண்மையான உறவினர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள். கருவூலத்தைக் காப்பவன் ‘கன்ஸபார’. எஸ்றாவின் முதல் அதிகாரத்தில் மித்ரதாத் என்ற பாரசீக அதிகாரிக்கு இதே பட்டம் ‘கிஸ்பார்’ என்ற வடிவில் வருகிறது. இன்று டெல் அவிவில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளரும் கிஸ்பார்தான். ஈராக், ஈரானில் வாழும் சின்னஞ்சிறு மாந்தேயர் சமயத்தில் தலைமைக் குரு ‘கன்ஸிப்ரா’, அவர்களின் புனித நூல் ‘கின்ஸா ரப்பா’, அதாவது பெரும் புதையல். ஒரே சொல் ஒரு மதத்தில் வேதத்தின் பெயராகவும் இன்னொன்றில் வேதம் போய்ப் படுக்கும் இடத்தின் பெயராகவும் ஆனது.

பெயர்ச்சொல்லாக வந்தது ரபீக்கள் எனப்படும் யூத மறையறிஞர்களின் எபிரேயத்தில் வினையாகிவிட்டது. ‘கானஸ்’: கருவூலத்தில் வைத்தான் என்பதிலிருந்து, கண்ணில் படாமல் எடுத்து வைத்தான், புழக்கத்திலிருந்து நீக்கினான் என்று. படைப்பின் முதல் நாள் ஒளியைக் கடவுள் நல்லோருக்காக எடுத்து ஒளித்து வைத்தார் என்ற பழங்கதையிலும் இதே வினைதான். தல்மூதில் இது அதிகம் வருவது நூல்களைப் பற்றிப் பேசும்போது.

எசேக்கியேல் தீர்க்கரின் புத்தகத்தில் பலி, ஆலயம் பற்றிய விதிகள் தோராவோடு முரண்படுகின்றன. அதைக் கெனிஸா செய்துவிடலாம் என்று அறிஞர்கள் எண்ணினார்கள். எசேக்கியா மகன் அனனியா என்பவர் விடவில்லை. மாடி அறைக்கு 300 சாடி எண்ணெய் ஏற்றிக்கொண்டு போய், விளக்கெரித்து உட்கார்ந்து, முரண்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டினார் என்கிறது தல்மூது. சாடிக் கணக்கு மிகை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வேதப் பகுதி வாசிப்பிலிருந்து மறைவதற்கும் நிலைப்பதற்கும் இடையே ஒரு மனிதரின் கண்விழிப்பு நின்றது என்ற எண்ணம் அந்தச் சமூகத்தில் இருந்தது, அதுதான் கவனிக்கவேண்டியது. பிரசங்கி புத்தகத்துக்கும் இதே ஆபத்து வந்தது. ஓரிடத்தில் சிரிப்பைப் பழித்து இன்னோரிடத்தில் மகிழ்ச்சியைப் புகழும் நூலை என்ன செய்வது? அதுவும் தப்பியது. தப்பாதது மருந்து முறைகள் எழுதிய ஒரு நூல். எசேக்கியா அரசன் அதைக் கெனிஸா செய்தான், அறிஞர்கள் சரியென்றார்கள். அந்த நூலில் என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாமல் போயிற்று.

யோபு புத்தகத்தின் அரமேய மொழிபெயர்ப்பு பட்ட பாடு இன்னொரு கதை. ஆலயம் இடிபடுவதற்கு முன், மூத்த கமாலியேல் என்ற அறிஞர் எருசலேம் ஆலயக் குன்றில் நின்றுகொண்டிருக்கிறார். யாரோ அந்த மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். வேதத்தை மொழிபெயர்த்து எழுதிவைப்பது அவருக்கு உடன்பாடில்லை. பக்கத்தில் சுவரெழுப்பிக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டு, கல்வரிசையின் அடியில் வைத்துக் கட்டிவிடச் சொல்கிறார். இரண்டு தலைமுறை கழித்து, அவருடைய பேரனும் பெயரனுமான இன்னொரு கமாலியேல் திபேரியாவில் அதே நூலின் பிரதியைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். பார்த்தவர் ஒருவர் தாத்தாவின் செயலை நினைவூட்ட, பேரனும் அதைக் கெனிஸா செய்யச் சொன்னார். சுவருக்குள் வைத்துக் கட்டியும் நூல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது என்பது இதிலிருந்தே தெரிகிறது. 1956இல் சாக்கடலோரம் கும்ரானின் 11ஆம் குகையில் யோபுவின் அரமேய மொழிபெயர்ப்பு ஒன்று கிடைத்தது. கமாலியேல் கண்டது இதே மொழிபெயர்ப்பா என்பது வேறு கேள்வி. அப்படியொன்று அக்காலத்தில் கைகளில் இருந்தது என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் வேதத் தொகுப்பில் சேராத நூல்களைத் ‘தள்ளுபடி ஆகமம்’ என்பார்கள். கெனிஸாவை அந்தச் சொல்லால் பெயர்த்தால் பிழையாகும். மத விரோதி எழுதிய தோராச் சுருளை எரிக்கவேண்டும் என்கிறது தல்மூது. யூதரல்லாதவர் எழுதியதைக் கெனிஸா செய்யவேண்டும் என்கிறது. வாசிப்பதற்கும் எரிப்பதற்கும் நடுவே இப்படி மூன்றாவது வழி ஒன்று. வாசிக்க வேண்டாம், அழிக்கவும் வேண்டாம் என்கிற நிலை.

அழிக்கக்கூடாது என்பதற்குக் காரணம் கடவுளின் பெயர். எபிரேயத்தில் கடவுளுக்குரிய ஏழு பெயர்களை எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது. நைந்துபோன சுருள், கிழிந்த ஜெபநூல், எலி கடித்த பக்கம், எதுவானாலும் அந்தப் பெயர் அதில் இருக்கும். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இத்தகைய தாள்களை இத்திஷ் மொழியில் ‘ஷேமெஸ்’ என்றே அழைத்தார்கள். பெயர்கள் என்று பொருள். குழந்தைகள் கீழே விழுந்த ஜெபநூலை எடுத்து முத்தமிடுவதும், கிழிந்த தாளை ஷேமெஸ் பெட்டியில் போடுவதும் வீட்டுப் பழக்கம்.

பெட்டியில் சேர்ந்தவற்றை என்ன செய்வது? புதைப்பது. பழுதுபட்ட தோராச் சுருளை மண் பாத்திரத்தில் வைத்து அறிஞர் ஒருவரின் அருகே அடக்கம் செய்யவேண்டும் என்று தல்மூது சொன்னது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவில் இதை அப்படியே விதியாக்கி, இதுவே அதன் கெனிஸா என்று முடித்தார். சொல் இங்கே அடக்கத்தின் பெயராகிவிட்டது. தமிழ் முஸ்லிம்கள் ‘ஜனாஸா’ என்று சொல்லும் அரபிச் சொல்லையும் இதே வேரோடு சேர்ப்பவர்கள் உண்டு. கெய்ரோவில் கிடைத்த கெனிஸா ஏடுகளைப் பல பத்தாண்டு ஆராய்ந்த கோய்டைன் என்ற அறிஞர் அவர்களில் ஒருவர். தமிழிலும் புதையலும் புதைத்தலும் ஒரே வேர். நாம் புதைப்பதிலிருந்து புதையலுக்கு வந்தோம், அவர்கள் புதையலிலிருந்து புதைப்பதற்குப் போனார்கள்.

ஆக, லெனின்கிராட் சுவடிக்கு முந்திய முழு ஏடு ஏன் இல்லை என்பதற்கு விடை ஓரளவு கிடைக்கிறது. புதுப் பிரதி திருத்தமாக எழுதப்பட்டதும் பழையது மண்ணுக்குப் போயிற்று. திபேரியாவின் பென் ஆசேர் குடும்பத்தார் 10ஆம் நூற்றாண்டில் உயிர்க்குறிகளோடும் இசைக்குறிகளோடும் ஒரு பாடத்தை நிலைநிறுத்திய பிறகு, அதிலிருந்து விலகிய பிரதிகளுக்கு மதிப்பும் குறைந்தது. பாடம் ஒரே சீராக நமக்கு வந்து சேர்ந்ததற்கும், அந்தச் சீர் எப்படி உருவானது என்று காட்டும் ஏடுகள் இல்லாமல் போனதற்கும் காரணம் ஒன்றேதான். ஆராய்ச்சியாளனுக்கு இது எரிச்சல் தரும். ஒரு சமூகம் தன் வேதத்தை ஆராய்ச்சியாளனுக்காகக் காப்பாற்றுவதில்லை.

கெனிஸா உலகப் புகழ் பெற்றது விதி மீறப்பட்ட ஓரிடத்தால். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா ஜெப ஆலயம். பாத்திமியக் கலீஃபா அல்-ஹாக்கிம் காலத்தில் இடிக்கப்பட்டு, 1025க்கும் 1040க்கும் இடையே திரும்பக் கட்டப்பட்டது. பெண்கள் அமரும் மேல்தளத்தின் ஒரு கோடியில் கதவே இல்லாத ஒரு அறை. சுவரின் மேற்பகுதியில் ஒரு துவாரம், ஏணி வைத்து ஏறினால்தான் எட்டும். அதன் வழியே தாள்களைத் தள்ளிவிட்டார்கள். பிற ஊர்களில் நிரம்பிய பின் எடுத்துப் புதைத்தார்கள். இங்கே அறை எண்ணூறு ஆண்டுக்கு மேலாக நிறைந்துகொண்டே இருந்தது. எகிப்தின் வறண்ட காற்றில் காகிதம் மக்கவில்லை. வேதம் மட்டுமில்லை, எபிரேய எழுத்தில் எழுதிய எதையும் அங்கே போட்டார்கள். அன்றைய யூதர் பேசியது அரபி, எழுதியது எபிரேய எழுத்தில். கடிதம் ‘உன் பெயரால், இரக்கமுள்ளவரே’ என்பதுபோன்ற வாழ்த்தோடு தொடங்கும். அதனால் கடன் சீட்டு, மணமுறிவுப் பத்திரம், மருந்துச் சீட்டு, சரக்குப் பட்டியல் எல்லாம் உள்ளே போயின.

மைமோனிடிஸ் வாழ்ந்தது இதே ஃபுஸ்தாத்தில்தான். சுருளைப் புதை என்று விதி எழுதிய மனிதர். அந்த மிஷ்னே தோராவுக்கு அவர் எழுதிய வரைவுத் தாள்களே, அடித்தல் திருத்தலோடு, அவர் கையெழுத்திலேயே அந்த அறையில் கிடைத்திருக்கின்றன. ஊரார் அவர் சொன்னபடி நடந்திருந்தால் நமக்கு அவை இல்லை.

அவற்றோடு ஒரு கடிதமும் இருந்தது. அவருடைய தம்பி தாவீது 1170 வாக்கில் செங்கடல் துறைமுகமான அய்தாபிலிருந்து எழுதியது. கூட்டத்தோடு சேராமல் ஒரே ஒரு துணையோடு பாலைவனத்தைக் கடந்து வந்ததாகவும், அய்தாபில் சரக்கு எதுவும் வந்திறங்கவில்லை, அவுரி நீலத்தைத் தவிர வாங்க ஒன்றுமில்லை, அதனால் கப்பலேறி இந்தியாவுக்கே போகத் துணிந்துவிட்டதாகவும் எழுதுகிறார். கவலைப்படாதே என்று அண்ணனுக்கு ஆறுதல் வேறு. அந்தப் பயணத்தில் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். செய்தி வந்தபின் மைமோனிடிஸ் ஓராண்டு படுத்த படுக்கையாக இருந்தார். தம்பியின் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு புரள்கிறது என்று பல ஆண்டு கழித்தும் நண்பருக்கு எழுதினார். அப்படி எடுத்து எடுத்துப் பார்த்த தாளாகத்தான் இருக்கவேண்டும் இது. இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கிறது.

கேம்பிரிட்ஜுக்கு எப்படிப் போயிற்று? 1864இல் எருசலேமைச் சேர்ந்த யாக்கோபு சபீர் அந்த அறைக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுப் பயணநூலில் எழுதினார். யாரும் அசையவில்லை. 1889, 1890இல் ஜெப ஆலயத்தைப் புதுப்பித்தபோது தாள்கள் வெளியே வந்தன. கெய்ரோ வியாபாரிகள் கைக்குக் கைமாற்றி விற்கத் தொடங்கினார்கள். 1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து இரட்டைச் சகோதரிகள் ஒரு கட்டுத் தாள் வாங்கி கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார்கள். இருவருமே கீழை மொழிகளில் புலமை உடையவர்கள். தெரியாத ஒரு தாளை அங்கே தல்மூது கற்பித்த சாலமோன் ஷெக்டரிடம் காட்டினார்கள். அது பென் சீராவின் எபிரேய மூலம். கத்தோலிக்கர் விவிலியத்தில் ‘சீராக்கின் ஞானம்’ என்று படிக்கிறோமே, அதுதான். கிரேக்கத்தில் பிழைத்து, எபிரேயத்தில் பல நூற்றாண்டு காணாமல் போயிருந்தது. யூத வேதத் தொகுப்பில் சேராத நூல், அதனால் எழுத்தர் யாரும் படியெடுக்கக் கடமைப்படவில்லை. கெனிஸா அதையும் வைத்திருந்தது. அது மூலம்தானா, பிற்காலத்தில் யாரோ திருப்பி மொழிபெயர்த்ததா என்ற சண்டை நெடுங்காலம் நடந்தது. 1964இல் மசாதாக் கோட்டையில் தொல்லியலாளர் யிகாயேல் யாதின் தோண்டியெடுத்த பென் சீராச் சுருள் அதற்கு முடிவு கட்டியது.

ஷெக்டர் 1896 டிசம்பரில் கெய்ரோ போனார். செலவை ஏற்றவர் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் தலைவர் சார்லஸ் டெய்லர். தலைமை ரபீ சம்மதித்தார். வேலையாட்களுக்கு பக்ஷீஷ் என்ற இனாம் கொடுத்து மாளவில்லை. தூசியில் மூச்சுத் திணறியபடி சில வாரம் அள்ளினார். அச்சிட்ட தாள் வேண்டாம், கையெழுத்துப் பிரதிதான் வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. 1,93,000 துண்டுகள் கேம்பிரிட்ஜுக்குப் போயின. மற்ற நூலகங்களில் இருப்பதையும் சேர்த்தால் மூன்று லட்சத்துக்கு மேல். பெட்டிகளுக்கும் தாள் குவியலுக்கும் நடுவே மேசையில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கும் ஷெக்டரின் புகைப்படம் பலரும் பார்த்திருக்கக்கூடியது. வேதம், தல்மூது, செய்யுள் என்று அவர் மதித்தவை முதலில் வரிசைக்கு வந்தன. வணிகக் கடிதங்கள் ‘பயனில்லை’ என்று ஒதுக்கிய பெட்டிகளில் அரை நூற்றாண்டு தூங்கின. 1950களில் கோய்டைன் வந்து அவற்றைத் திறந்ததன் பலன்தான் 1967 முதல் வெளிவந்த ‘மத்தியதரைக்கடல் சமூகம்’ என்ற ஐந்து தொகுதிகள். ஒதுக்கி வைத்த அறையிலிருந்து எடுத்தவர்களே மறுபடி ஒரு கெனிஸா போட்டார்கள் என்று சொல்லலாம்.

அந்தக் கடிதங்களில் ஏடனுக்கும் மலபாருக்கும் இடையே ஓடிய கப்பல்கள் வருகின்றன. ஒரு கப்பல் முதலாளியின் பெயர் எபிரேய எழுத்தில் ‘ஃபத்தன் சுவாமி’. அரபியில் ‘ப’ இல்லாததால் ‘ஃப’. பட்டணசுவாமி என்று அறிஞர் கொள்கிறார்கள்.

சமய மரபின் பக்கம் திரும்பினால், என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு தோல் ஏடு. அகீலா என்பவர் 2ஆம் நூற்றாண்டில் யூதருக்காகச் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு மேற்கோள்களில் மட்டுமே எஞ்சியிருந்தது. கெய்ரோவில் கிடைத்த ஒரு தோலில் அழித்த கிரேக்க எழுத்து மங்கலாகத் தெரிய, அது அகீலாவின் அரசர்கள் புத்தகம் என்று 1897இல் பர்கிட் வெளியிட்டார். எல்லாரும் அடியில் இருந்த கிரேக்கத்தையே உற்றுப் பார்த்தார்கள். மேலே தெளிவாக எழுதியிருந்த எபிரேயச் செய்யுள் யாருடையது என்று 1919இல்தான் இஸ்ரேல் டேவிட்சன் சொன்னார். யன்னாய் என்ற பழம்பெரும் கவிஞருடையது. ஜெப ஆலயங்களில் வாரந்தோறும் பாடவென்று அவர் இயற்றியவை அநேகமாக முழுதும் தொலைந்திருந்தன. தேவை தீர்ந்த மொழிபெயர்ப்பைச் சுரண்டி அதன்மேல் செய்யுளை எழுதினார்கள், செய்யுளின் தேவையும் தீர்ந்ததும் துவாரத்தில் போட்டார்கள். ஒரே தோலில் இரண்டு மரபு அப்படியே நின்றுவிட்டது.

குழந்தைகளின் அரிச்சுவடிகளும் அங்கே உண்டு. ஆசிரியர் எழுத்தின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து கொடுக்க, பிள்ளை உள்ளே சிவப்பும் பச்சையும் பழுப்புமாக நிரப்பியிருக்கும். மரபு எப்படிக் கைமாறியது என்பதற்கு அந்தத் தாளைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை. அதை யாரும் காப்பாற்ற நினைத்ததில்லை.

ஷெக்டருக்குப் பிறகு சொல் பெரிதாகிவிட்டது. ‘அந்தக் கெனிஸா’ என்றாலே கெய்ரோ என்றாயிற்று. 1947இல் கும்ரான் சுருள்கள் கிடைத்தபோது முதலில் படித்தவர்களில் ஒருவரான சுகேனிக், இவை ஏதோ ஒரு கூட்டத்தார் கெனிஸா செய்தவை என்று கருதி, 1948இல் வெளியிட்ட தம் நூலுக்கு ‘மெகில்லோத் கெனுஸோத்’, கெனிஸா செய்த சுருள்கள், என்று பெயர் வைத்தார். அவர் கருத்தை இன்று பலர் ஏற்பதில்லை. ஆனாலும் எபிரேயத்தில் சாக்கடல் சுருள்களுக்கு அந்தப் பெயரும் வழக்கில் நிலைத்துவிட்டது. ஜெர்மனியின் தெற்கே சிற்றூர் ஜெப ஆலயங்களின் பரணில் கிடைத்த கட்டுகளும் கெனிஸா, அவை பொருத்தமானவை. ஆப்கானிஸ்தானிலிருந்து சந்தைக்கு வந்து 2013இல் இஸ்ரேல் தேசிய நூலகம் ஒரு பகுதியை வாங்கிய ஏடுகளும் ‘ஆப்கான் கெனிஸா’. இத்தாலியில் எபிரேயத் தோல் ஏடுகளைக் கிழித்து, கணக்குப் புத்தகங்களுக்கு அட்டை போட்டிருந்ததைக் கண்டுபிடித்து அதற்கும் ‘இத்தாலியக் கெனிஸா’ என்று பெயர் சூட்டினார்கள். இதை நான் ஒப்பமாட்டேன். பறித்தவன் பைண்டு செய்ததை, போற்றிப் புதைப்பதற்கு உரிய சொல்லால் அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

இன்றைய எபிரேயத்தில் வெளியாகாமல் கிடப்பில் போட்ட திரைப்படம் ‘நிக்னஸ்’, கெனிஸா ஆகிவிட்டது. எருசலேமில் பழைய ஜெபநூல்களைப் போடத் தெருவோரத்தில் கெனிஸாத் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். கணினித் திரையில் தோன்றும் கடவுள் பெயரை அழிக்கலாமா என்ற கேள்விக்கு, திரையில் தெரிவது எழுத்தாகாது என்பதே பெரும்பாலான ரபீக்களின் முடிவு. மறுபக்கம், அரசின் ஆவணக் காப்பாளருக்கு ‘கனஸ்’ என்று பதவிப் பெயர் வைத்துப் பாரசீகக் கருவூலக்காரனுக்கே திரும்பிவிட்டார்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் கெய்ரோ கெனிஸாவை ‘யூத ஆவணக் காப்பகம்’ என்று பெயர்ப்பதை அவ்வப்போது பார்க்கிறேன். காப்பகம் என்பது வேண்டியதை வரிசைப்படுத்தி வைக்கும் இடம். கெனிஸா வேண்டாததை மரியாதையாகக் கைகழுவும் இடம். இது காப்பகத்துக்கு நேர் எதிர் என்று கோய்டைனே எழுதியிருக்கிறார். தல்மூது, மிஷ்னா, தோரா ஆகியவற்றை நாம் அப்படியே எழுதிப் பழகிவிட்டோம். கெனிஸாவையும் கெனிஸா என்றே எழுதுவோம்.